பதினோரு கிரகம் உள்ள ஜாதகம்

சேலத்து மே மாத வெயில் தாங்காமல், ரெண்டு நாள் ஏற்காட்டில் இருந்துவிட்டு வரலாம் என்று கிளம்பினோம். நான், அம்மா, பெங்களூரிலிருந்து வந்திருந்த தம்பி. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் அம்மா கண்ணை மூடியபடி, எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே கடந்தார். மேலே போனதும் மழை பிடித்துக்கொண்டது. ஏரியும் இல்லை, லேடீஸ் சீட் காட்சிமுனையும் இல்லை. வாடகை வீட்டு ஜன்னலில் பனிமூட்டம் மட்டும்தான் தெரிந்தது.

தம்பி லேப்டாப்பைத் திறந்து, "ஒரே ஒரு ஆட்டம்?" என்றான்.

மாஸ்டர் ஆஃப் ஓரியன் 2. 1996இல் வந்த விளையாட்டு. இன்றைக்கு டாஸ்பாக்ஸ் என்ற, பழைய விளையாட்டுகளை ஓட்ட உதவும் மென்பொருளைப் போட்டு ஓட்டுகிறோம். ஒரு கிரகத்தில் ஆரம்பித்து, அடுத்தடுத்த கிரகங்களில் ஆட்களைக் குடியேற்றி, பக்கத்து இனங்களிடம் பேசிப் பார்த்து, மசியாவிட்டால் கப்பல் கட்டி அடிக்க வேண்டும். எதற்கும் அவசரமில்லை. நான் 'டர்ன்' பொத்தானை அழுத்தி என் முறையை முடிக்கிறவரை அண்டமே எனக்காகக் காத்திருக்கும். எங்கள் வீட்டில் எனக்காக யாரும் சட்னிகூட எடுத்து வைத்ததில்லை.

கிராஃபிக்ஸ் எல்லாம் இன்றைக்குப் பார்த்தால் சிரிப்புதான். பின்னே எது இழுக்கிறது? என்னைக் கேட்டால், ஏக்கம். ஆராய்ச்சி செய்யும்போது ஒரு துறையில் மூன்று பொருளைக் காட்டி, ஒன்றைத்தான் எடுக்க விடுவார்கள். தானியங்கி ஆலை, ஏவுகணைத் தளம், கப்பலுக்குக் கனத்த கவசம். ஆலையை எடுத்தால் மற்ற ரெண்டும் போச்சு. யாரிடமாவது பண்டமாற்று செய்யணும், இல்லை திருடணும். ஐம்பது டர்ன் கழித்து எதிரி வாசலில் வந்து நிற்கும்போது, 'அன்னைக்கே கவசத்தை எடுத்திருக்கலாமே' என்று வயிறு எரியும். சரி, அடுத்த ஆட்டத்தில் பார்த்துக்கலாம் என்று மறுபடி ஆரம்பிப்போம். எனக்கு இது இருபது வருஷ வியாதி.

விளையாட்டில் வரும் இனங்களில் சைலான் இனத்துக்கு மட்டும் மூன்றும் கிடைக்கும். அதனால் நான் எப்போதும் சைலான். தம்பி சிலிகாய்டு, அதாவது கல் மனிதர்கள்.

ஒரே லேப்டாப்பில் இரண்டு பேர் ஆடுவதால், ஒருத்தர் ஆடும்போது மற்றவர் பார்க்கக் கூடாது. எனவே என் முறை வரும்போதெல்லாம் தம்பி செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே பனியில் போய் நிற்பான்.

சமையலறையில் அம்மா தட்டுவடை செட் போட்டுக்கொண்டிருந்தார். சேலத்திலிருந்தே தட்டுவடை, சட்னி எல்லாம் கட்டி எடுத்து வந்திருந்தார். ஐந்தாறு தடவை ஜன்னல் வழியாகத் தம்பியைப் பார்த்தவர், பீட்ரூட் துருவிய சிவப்புக் கையோடு வந்து நின்றார்.

"யார்கிட்டடா பேசறான்?"

"யார்கிட்டயும் இல்லம்மா. நான் ஆடறதப் பார்க்கக் கூடாது, அதான்."

தம்பிக்கு வயசு முப்பத்து நாலு, மூன்று வருஷமாகப் பெண் பார்க்கிறோம். அம்மா நம்பவில்லை.

தம்பி உள்ளே வந்ததும் எங்கள் பேச்சு இப்படிப் போனது:

"எனக்குப் பதினோரு கிரகம் ஆச்சு. உனக்கு ஆறுதானே?"

"அந்த ஓரத்துல இருக்கறது விஷம்டா, விட்டுடு."

"அவங்களுக்கு விஷம் ஒண்ணும் பண்ணாது. சோறே வேண்டாம், கல்லத் தின்னே வாழ்ந்துடுவாங்க. என்ன ஒண்ணு, யாரும் கிட்டச் சேர்த்துக்க மாட்டாங்க."

தம்பி சொன்னது அத்தனையும் உண்மை. சிலிகாய்டுகளுக்கு உணவு தேவையில்லை, எந்த மண்ணிலும் பிழைப்பார்கள், யாரும் அவர்களோடு உடன்படிக்கை செய்துகொள்வதில்லை. ஆனால் சமையலறையில் துருவும் சத்தம் நின்றுவிட்டது.

"கண்ணு, எந்த ஊர்க் குடும்பம்டா அது?"

நாங்கள் விளக்கினோம். விளக்க விளக்க அம்மாவின் முகம் இன்னும் இறுகியது. கடைசியில் தட்டுவடைத் தட்டை எங்கள் நடுவில் வைத்துவிட்டு, உள்ளே போய் கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் ஸ்பீக்கரில் எங்கள் ஜோசியர் குரல் கேட்டது.

"நவகிரகம்னா ஒம்பதுதானுங்களே சாமி," அம்மா கேட்டார், "இவனுக்குப் பதினொண்ணு இருக்குங்கறான்."

அந்தப் பக்கம் சற்று நேரம் சத்தமே இல்லை.

"ரெண்டு கூடுதலா இருக்குதுங்களா? அப்பப் பரிகாரமும் கூடுதலாத்தாம்மா ஆகும். நேர்ல கூட்டிட்டு வாங்க."

தம்பி தலையில் கையை வைத்துக்கொண்டான். அடுத்தது என் முறை. அவனை வெளியே போகச் சொன்னேன்.