மறுநாள் காலை ஒரு போன்

அந்தப் பையனுக்குப் பதினாறு வயது. என் எதிரில் உட்கார்ந்து நாற்பது நிமிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. முழுக்கைச் சட்டையின் நுனியை உள்ளங்கைக்குள் இழுத்து மூடிக்கொண்டே இருந்தான். கதவுக் கண்ணாடி வழியாக அவனுடைய அம்மா எட்டிப் பார்ப்பதும் நகர்வதுமாக இருந்தார். நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. படித்ததையெல்லாம் மனதுக்குள் புரட்டிப் பார்த்தேன், ஒன்றும் உதவவில்லை. கடைசியில், "உன்கிட்ட என்ன கேக்கறதுன்னு எனக்கும் தெரியலப்பா" என்றேன். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான்.

"பரவால்ல மேடம்."

அவன் என்னைத் தேற்றினான்!

நெருக்கடியில் இருக்கும் சிறுவர்களோடும் இளைஞர்களோடும் வேலை செய்யும் உளவியலாளர் நான். என்னால் மாத்திரை எழுத முடியாது என்று எத்தனை முறை சொன்னாலும் டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். இப்போது திருத்துவதை விட்டுவிட்டேன். இங்கே சொல்லும் சம்பவங்களில் ஆட்களின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

இந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் தாமாக வருவதில்லை. நோட்டுப் புத்தகத்தில் எழுதியிருந்ததை வீட்டில் யாரோ படித்திருப்பார்கள். தோழி பயந்துபோய் ஆசிரியரிடம் சொல்லியிருப்பாள். சிலர் அவசரப் பிரிவிலிருந்து நேராக வருவார்கள். அதனால் முதலில் நம் மேல் கோபம்தான் இருக்கும். அந்தக் கோபம் எனக்குப் பிடிக்கும். எல்லாவற்றுக்கும் "சரி மேடம், இனிமே இல்ல மேடம்" என்று சிரித்துக்கொண்டே தலையாட்டும் பிள்ளையிடம்தான் நான் கூடுதலாக நேரம் எடுத்துக்கொள்வேன்.

ஆரம்பத்தில் எனக்கு நேராகக் கேட்க வராது. "விபரீதமா ஏதாவது தோணுதா?" என்று சுற்றி வளைப்பேன். ஒருநாள் கூட இருந்த மூத்தவர், பிள்ளை வெளியே போனதும் சொன்னார்: "விபரீதம்னா என்னன்னு அந்தப் பொண்ணுக்கு எப்படிம்மா புரியும்? நீ பயப்படறேன்னு மட்டும்தான் புரிஞ்சிருக்கும்." அன்றிலிருந்து "செத்துப்போகணும்னு தோணுதா?" என்றே கேட்கப் பழகினேன். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற அச்சம் பெற்றோருக்கு மட்டுமில்லை, எங்கள் தொழிலில் புதிதாக வருபவர்களுக்கும் உண்டு. நியூயார்க் மாநிலப் பள்ளிகளில் 2,342 மாணவர்களை வைத்து இதையே சோதித்து 2005-இல் வெளியிட்டார்கள். தற்கொலை பற்றிக் கேட்கப்பட்டவர்களுக்கு அதனால் மன உளைச்சலோ அந்த எண்ணமோ கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்த பிள்ளைகளுக்குக் கேட்டது கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்ததாகத் தெரிந்தது. நான் பார்த்த வரையிலும் அப்படித்தான். கேள்வி விழுந்ததும் தோள் இறங்கும். அப்புறம் பேச்சு வரும்.

வரும் பதில் பல நேரம் ஒரே மாதிரி இருக்கும்: "சாகணும்னு இல்ல மேடம். இது நிக்கணும்." அமெரிக்க உளவியலாளர் எட்வின் ஷ்னைட்மன் 1993-இல் இதற்கு மனவலி என்ற பொருளில் ஒரு பெயரே வைத்தார். அந்த வலி தாங்க முடியாமல் போவதுதான் தற்கொலைக்கு அடிப்படை என்பது அவர் வாதம். 'இது நிக்கணும்' என்ற அந்த வாக்கியத்தை எத்தனையோ பிள்ளைகள் சொல்லிக் கேட்டுவிட்டேன். இன்னும் பழகவில்லை.

நான் செய்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும். அப்போது நான் இருந்த இடத்தில் ஒரு படிவம் இருந்தது. 'எனக்கு நானே தீங்கு செய்துகொள்ள மாட்டேன்' என்று எழுதி, பிள்ளையிடம் கையெழுத்து வாங்குவோம். ஒரு பெண் மளமளவென்று போட்டுக் கொடுத்தாள். எனக்கும் நிம்மதி. இரண்டு வாரத்தில் திரும்ப வந்தபோது சொன்னாள்: "போட்டா வீட்டுக்கு விட்டுடுவீங்கன்னு தெரியும்." இப்படிப்பட்ட வாக்குறுதிகள் உயிரைக் காக்கின்றன என்பதற்குச் சான்று இல்லை என்று பிறகுதான் படித்தேன். அந்தத் தாள் என்னுடைய பயத்துக்கான மருந்தாக மட்டும் இருந்திருக்கிறது.

இப்போது அமெரிக்க உளவியலாளர்களான பார்பரா ஸ்டான்லியும் கிரிகரி பிரவுனும் உருவாக்கிய பாதுகாப்புத் திட்டத்தைத்தான் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுதுகிறேன். ஒரு பக்கம்தான். மோசமான நேரம் வருவதற்கு முன் என்ன அறிகுறி தெரியும், தனியாக என்ன செய்து அதைக் கடத்தலாம், எங்கே யாரோடு இருந்தால் மனம் வேறு பக்கம் திரும்பும், யாரிடம் வாய்விட்டுச் சொல்லலாம், எந்த மருத்துவரை, எந்த உதவி எண்ணைக் கூப்பிடலாம், வீட்டிலிருந்து எதை அப்புறப்படுத்த வேண்டும் என்று ஆறு படிகள். பிள்ளையின் வார்த்தையிலேயே எழுத வேண்டும். 'பதற்றம்' என்று நான் எழுதினால் அது என் திட்டம். 'தலைக்குள்ள டிவி ஓடற மாதிரி' என்று அவன் எழுதினால்தான் ராத்திரி ஒரு மணிக்கு அவனுக்கு அது அடையாளம் தெரியும்.

நான்காவது படியில் பேனா நிற்கும். யார் பெயரை எழுதுவது? ஒருவன், "எங்க நாய் பேர எழுதலாமா?" என்று கேட்டான். எழுதச் சொன்னேன். போனை எடுக்கிற ஆள் இன்னொருவரும் வேண்டுமே என்றேன். ரொம்ப நேரம் யோசித்து அத்தை மகன் பெயரை எழுதினான். அவனிடம் பேசி இரண்டு வருடம் ஆகிறதாம். அறையில் இருந்தபடியே கூப்பிட்டான், அவனும் எடுத்தான்.

கடைசிப் படி பெற்றோரோடு. ஒரு தந்தை வீட்டிலிருந்த மாத்திரைகளையெல்லாம் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டதாகச் சொன்னார். சாவி எங்கே என்று கேட்டேன். "எப்பவும் வைக்கிற எடத்துலதான்." மகள் அவரைப் பார்த்தாள், அவர் என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து வெளியே போய் மனைவிக்குப் போன் செய்தார். பெற்றோரைக் குற்றம் சொல்வது எங்களுக்கெல்லாம் சுலபமாக வந்துவிடுகிறது. ஆனால் இரவில் மகளின் அறைக் கதவுக்கு வெளியே பாய் போட்டுப் படுத்தவர் அவர்தான், நான் இல்லை.

ஒரு பிள்ளையை இழந்ததும் உண்டு. அதைப் பற்றி அதிகம் எழுத எனக்கு உரிமை இல்லை. அந்தக் கோப்பில் என் கடைசிக் குறிப்பை மட்டும் மனப்பாடமாகச் சொல்ல முடியும்.

அட்மிட் ஆகும் இரவைவிட வீட்டுக்குப் போன பிறகான நாட்கள்தான் ஆபத்து என்பது இந்த வேலையில் தாமதமாகப் புரிந்த விஷயம். சான் பிரான்சிஸ்கோவில் ஜெரோம் மோட்டோ என்ற மனநல மருத்துவர், மருத்துவமனையிலிருந்து போனபின் தொடர் சிகிச்சையை மறுத்த 843 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு மட்டும் ஐந்து வருடம் அவ்வப்போது சின்னக் கடிதம் போனது. நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம், எழுதத் தோன்றினால் எழுதுங்கள் என்ற அளவில்தான். அறிவுரை, கேள்வி எதுவும் கிடையாது. கடிதம் பெற்றவர்களில் முதல் இரண்டு வருடத் தற்கொலைகள் தெளிவாகவே குறைவு.

இதைப் படிக்கும் முன்பு, மறுநாள் காலை போன் செய்வதை யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய வேலை என்று நினைத்திருந்தேன். இப்போது நானே செய்கிறேன். முதலில் சொன்ன பையனுக்கு மறுநாளும், அப்புறம் வாரம் ஒருமுறையும். "ம்", "ம்", "சரி மேடம்", அவ்வளவுதான் அவன் பேச்சு. மூன்றாவது மாதத்தில் ஒருநாள் எடுக்கவில்லை. இரண்டாவது முறையும் இல்லை. அவன் அம்மாவின் எண்ணும் பிஸி. அடுத்த பிள்ளையை உள்ளே கூப்பிட முடியாமல் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கால் மணி நேரத்தில் அவனே கூப்பிட்டான்.

"தூங்கிட்டேன் மேடம். நேத்தோட பரீட்சை முடிஞ்சிருச்சு."

"சரிப்பா, தூங்கு."

"மேடம், இனிமே மெசேஜ் பண்ணுங்களேன். போன்ல பேசறது ரொம்ப போர்."

பட்டியலை எடுத்து, அவன் பெயருக்குப் பக்கத்தில் 'மெசேஜ்' என்று எழுதிக்கொண்டேன்.