விரல் மூட்டு வலி, காலை விறைப்பு: எனக்கு எப்படி சரியாச்சு

கை விரல் மூட்டு வலிக்குதுன்னு டாக்டர பாக்கப் போறவங்க அதுக்கு முன்னாடி ஒரு வாரமாவது காலையில எந்திரிச்சதுல இருந்து விரல் இளகுறதுக்கு எவ்ளோ நேரம் ஆகுதுன்னு குறிச்சு வெச்சுக்கோங்க. எனக்கு இருக்கறது முடக்குவாதம், அதாவது உடம்போட எதிர்ப்பு சக்தியே மூட்ட தாக்குற நோய்னு தெரிய ஆரம்பிச்சதே அந்த ஒரு விஷயத்துல இருந்து தான்.

எனக்கு ரெண்டு கையிலயும் ஒரே மாதிரி வந்துச்சு, விரல் ஆரம்பிக்கிற மூட்டும் நடு மூட்டும் வீங்கி சூடா இருக்கும், நகத்துகிட்ட இருக்க மூட்டு நல்லா தான் இருந்துச்சு. காலையில ஜாக்கெட் ஹூக் மாட்ட முடியாது, புளி கரைக்க முடியாது, குழாய திறக்கக் கூட மணிக்கட்டால தள்ளணும், பசங்க ஸ்கூலுக்கு கிளம்பிப் போய் ரொம்ப நேரம் கழிச்சு தான் கை கொஞ்சம் மடங்கும். பாக்குறவங்க எல்லாம் வயசாகுதுல்ல, கால்சியம் கம்மியா இருக்கும், யூரிக் ஆசிட் பாருன்னு சொன்னாங்க, பக்கத்து கிளினிக்ல போட்ட வலி ஊசி ரெண்டு நாள் கேட்டுச்சு அப்புறம் திரும்ப வந்துருச்சு.

எலும்பு டாக்டர் தான் பாத்துட்டு ருமட்டாலஜி டாக்டர்கிட்ட, அதாவது மூட்டு வாத நோய்க்குன்னே இருக்க டாக்டர்கிட்ட அனுப்பினாரு. அவர் கேட்ட முதல் கேள்வியே காலையில எவ்ளோ நேரம்மா விறைப்பு இருக்குன்னு தான். மூட்டு தேய்மானத்துல வர்ற விறைப்பு பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள்ள போயிருமாம், ஒரு மணி நேரத்துக்கு மேல நின்னா முடக்குவாதமான்னு கட்டாயம் பாக்கணும்னாரு. முடக்குவாதத்துக்கு பாக்குற ரத்த டெஸ்ட்ல ஆர்ஏ ஃபேக்டர் எனக்கு நெகட்டிவ், அதுக்கே பாக்குற இன்னொரு டெஸ்ட் ஆன்ட்டி சிசிபி பாசிட்டிவ், உடம்புல அழற்சி இருக்கான்னு காட்டுற இஎஸ்ஆர், சிஆர்பி ரெண்டும் அதிகம். அதனால ஆர்ஏ நெகட்டிவ்னு வந்தவுடனே ஒண்ணும் இல்லன்னு விட்றாதீங்க ப்ளீஸ். தனியார்ல காட்ட வசதி இல்லன்னா சென்னை ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையில இதுக்குன்னே தனி டிபார்ட்மென்ட் இருக்கு.

மெத்தோட்ரெக்சேட் தான் முக்கிய மாத்திரை. இத நல்லா கவனிங்க, அது வாரத்துக்கு ஒரே ஒரு நாள் தான், தினமும் போட்டா உயிருக்கே ஆபத்து. எங்க வீட்ல ஞாயித்துக்கிழமைன்னு வெச்சு வீட்டுக்காரர் காலண்டர்ல வட்டம் போட்டுருவாரு, அதோட பக்க விளைவ குறைக்க குடுக்குற ஃபோலிக் ஆசிட் வேற நாள்ல. போட்ட உடனே கேக்காது, 6ல இருந்து 12 வாரம் வரைக்கும் ஆகும்னு டாக்டர் முதல்லயே சொல்லிட்டதால தான் நான் நடுவுல நிறுத்தல, அது வரைக்கும் தாங்குறதுக்கு கொஞ்ச நாள் குறைஞ்ச டோஸ்ல ஸ்டீராய்டு குடுத்து அவரே படிப்படியா குறைச்சாரு. ரத்த அணு, லிவர் டெஸ்ட் ஆரம்பத்துல அடிக்கடி, இப்ப 3 மாசத்துக்கு ஒரு தடவை. குழந்தைக்கு பிளான் பண்றவங்க இந்த மாத்திரை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லிருங்க.

மாத்திரை ஒரு பக்கம்னா எனக்கு தினசரி வாழ்க்கைய திருப்பிக் குடுத்தது பிசியோதெரபி. காலையில பொறுக்குற சூட்டுல வெந்நீர்ல கைய வெச்சுகிட்டே விரல நேரா நீட்டி, அப்புறம் மேல் ரெண்டு மூட்ட மட்டும் கொக்கி மாதிரி மடக்கி, அப்புறம் மெதுவா முழு முஷ்டி, வலிக்கிற அளவுக்கு அழுத்தக் கூடாது. வீக்கம் சூடா இருக்க நாள்ல வெந்நீர் வேணாம், துணியில சுத்தின ஐஸ் தான், அன்னிக்கு பந்து அமுக்குற பயிற்சியும் கிடையாது. பாத்திரத்த விரலால தூக்காம ரெண்டு உள்ளங்கையாலயும் ஏந்தி தூக்கணும், துணி பிழியாம தொங்க விட்றணும், கரண்டி காம்புல துணி சுத்தி தடிமனாக்கிட்டா பிடிக்க ரொம்ப ஈசி. கோலம் போட, கீரை ஆய எல்லாம் இப்ப முடியுது, சப்பாத்தி மாவு பிசையிறதும் தேங்கா துருவுறதும் மட்டும் பையன் பாத்துக்குறான்.

இன்னொண்ணு, சளி காய்ச்சல்னு வேற எந்த டாக்டர்கிட்ட போனாலும் மெத்தோட்ரெக்சேட் சீட்ட காட்டுங்க, செப்ட்ரான் மாதிரி சில ஆன்ட்டிபயாட்டிக் இதோட சேரவே கூடாது, வாயில புண்ணு வந்தாலோ காய்ச்சல் விடாம அடிச்சாலோ அடுத்த வார மாத்திரைய போடுறதுக்கு முன்னாடி உங்க டாக்டர்கிட்ட கேட்டுருங்க.