கருப்பனின் இடுப்பு வலியும் ஓசூர் அக்குபங்சரும்

கருப்பன் நாட்டு நாய். காவேரிப்பட்டினம் பக்கம் எங்கள் மாந்தோப்பில் காவல் இருந்தே வயசானவன். போன மழைக்காலத்தில் எழுந்து நிற்கவே சிரமப்பட ஆரம்பித்தான். முன்னங்காலை ஊன்றிவிடுவான், பின்பக்கம் தூக்க வராது. திண்ணை ஏறுவது நின்றுபோனது. இடுப்பில் கை வைத்தால் திரும்பி உதட்டைத் தூக்குவான்.

வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். பெரியப்பா சூடு போடச் சொன்னார். எருது நொண்டினால் கம்பியைக் காய்ச்சி இழுப்பது இந்தப் பக்கம் பழைய வழக்கம். பக்கத்து வீட்டு அக்கா, தன் மூட்டு வலி மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுக்கச் சொன்னார். இரண்டையும் தயவுசெய்து செய்யாதீர்கள். சூடு இருக்கிற வலியோடு தீக்காயத்தையும் சேர்க்கும், அவ்வளவுதான். நாம் போடும் இபுபுரூஃபன் நாய்க்கு வயிற்றுப்புண்ணையும் சிறுநீரகக் கோளாறையும் கொண்டுவரும். பூனைக்குப் பாராசிட்டமால் கொடுத்தால் உயிரே போய்விடும்.

கிருஷ்ணகிரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் இடுப்பு மூட்டு தேய்ந்திருந்தது. மெலாக்சிகாம் என்ற வலி மருந்து கொடுத்தார்கள், நன்றாகவே கேட்டது. ஆனால் ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியாட்டினின் ஏறியிருந்ததால் அந்த மருந்தைத் தொடர முடியவில்லை. அப்போதுதான் மருத்துவர், உடம்பில் குறிப்பிட்ட புள்ளிகளில் மெல்லிய ஊசி குத்தும் அக்குபங்சர் பேச்சை எடுத்தார். அதை முறையாகப் படித்த கால்நடை மருத்துவர் ஒருவர் ஓசூரில் இருப்பதாகச் சொன்னார்.

இதைக் கேள்விப்பட்டு, மனிதர்களுக்கு ஊசி குத்தும் உள்ளூர்க்காரர் ஒருவர், "அதுக்கும் இதே புள்ளிதாங்க, நானே குத்திடறேன்" என்று வந்தார். வேண்டாம் என்றுவிட்டேன். விலங்குக்கு வைத்தியம் பார்ப்பது பதிவு பெற்ற கால்நடை மருத்துவரின் வேலை, 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. சட்டம் கிடக்கட்டும், வலிக்குக் காரணம் எலும்பு முறிவா, கட்டியா என்று பார்க்கத் தெரியாதவர் கையில் ஊசியைக் கொடுப்பது எப்படி?

ஓசூர் மருத்துவர் எடுத்த எடுப்பில் ஊசியைத் தொடவில்லை. கருப்பனை நடக்கவிட்டார், முதுகெலும்பின் இரண்டு பக்கமும் விரலால் அழுத்திக்கொண்டே போனார். ஒரு இடத்தில் தோல் துடித்தது, அங்கே நிறுத்தினார். "சரியாயிடுமா சார்?" என்று கேட்டேன். "தேய்ஞ்ச மூட்டு திரும்ப வராதுங்க. வலி குறையலாம். நாலஞ்சு தடவைக்குள்ள வித்தியாசம் தெரியலேன்னா நிறுத்திடலாம்" என்றார். இந்தப் பதிலுக்காகவே அவர் மேல் நம்பிக்கை வந்தது.

ஊசிகள் முடி மாதிரி மெல்லிசு, ஒருமுறை குத்தியதை மறுபடி பயன்படுத்துவதில்லை. முதுகு ஓரமாகச் சில, முழங்காலுக்குக் கீழே ஒன்று, வாலுக்கு மேலே இடுப்பு முடியும் பள்ளத்தில் ஒன்று. அந்தப் பள்ளத்துக்குச் சீனத்தில் பாய் ஹுய் என்று பெயராம். முதல் ஊசிக்கு உறுமினான், அடுத்ததற்குக் காதை மட்டும் அசைத்தான். கொஞ்ச நேரத்தில் கொட்டாவி விட்டு, கண் சொருகி, தாடையை என் செருப்பின் மேல் வைத்துவிட்டான். நடுவில் உடம்பை உதறியதில் ஒரு ஊசி தெறித்தது. எடுக்கும்போது மருத்துவர் எண்ணிப் பார்த்து, குறைந்ததை மேசைக்கு அடியில் தேடி எடுத்த பிறகுதான் எங்களை விட்டார். பின்னாளில் ஊசிகளில் கிளிப் மாட்டி லேசாக மின்சாரமும் கொடுத்தார். தொடைச் சதை டிக் டிக் என்று துடிக்கும், இவன் குறட்டை விடுவான்.

எப்படி வேலை செய்கிறது என்றும் கேட்டேன். ஊசி நரம்பைத் தூண்ட, உடம்பு தன் சொந்த வலிநிவாரணியான எண்டார்ஃபினைச் சுரக்கிறதாம். அபின் வகை மருந்துகளை முறிக்கும் நலாக்சோனைக் கொடுத்துச் சோதித்தபோது ஊசியின் பலனும் குறைந்தது, அதனால் இப்படி நம்புகிறார்கள் என்றார். ஆய்வுகள் எல்லாம் ஒரே மாதிரி முடிவு சொல்லவில்லை என்பதையும் அவரே சொன்னார்.

எனக்குப் பெரிய சிக்கல் வேறு. வாயில்லா ஜீவனுக்கு வலி குறைந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? காசு கொடுத்து ஓசூர் வரை போய்வந்தால் நாய் நன்றாக நடக்கிற மாதிரிதான் நம் கண்ணுக்குத் தெரியும். தினமும் குறித்துவைக்கச் சொன்னார் மருத்துவர். இதில் துளியும் நம்பிக்கை இல்லாத அம்மாவிடம் நோட்டைக் கொடுத்தேன். "திண்ணை ஏறல." "படுக்கறதுக்கு முன்னாடி ரொம்ப சுத்தினான்." "பால்காரர் வண்டிக்கு எழுந்து போனான்." முதல் தடவை குத்திய மறுநாள், "சோர்ந்தே கிடந்தான், தெண்டச் செலவு" என்று எழுதியிருந்தார். அந்தச் சோர்வு வரலாம் என்று மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் நான் பதறவில்லை. பக்கங்கள் போகப் போக, பால்காரர் வண்டி வரிகள் கூடிக்கொண்டே வந்தன. திண்ணை வரி இன்று வரை மாறவில்லை.

முழுப் பெருமையையும் ஊசிக்குக் கொடுக்க மாட்டேன். மிச்சச் சோற்றைக் கொட்டுவதை நிறுத்தியதில் எடை குறைந்தது. சிமெண்டுத் தரையில் சாக்கும் பழைய மெத்தையும் போட்டோம். செலவு என்று பார்த்தால் ஊசியைவிட வண்டி வாடகைதான் கையைக் கடித்தது. முதலில் வாரம் ஒருமுறை போனோம், இப்போது மாதம் ஒருமுறை.

இதைப் பார்த்துவிட்டு, தோப்புக்கு எதிரில் மாடு வைத்திருக்கும் அண்ணன் தன் நொண்டி மாட்டுக்கும் ஊசி குத்தலாமா என்று கேட்டார். மாடு சினையாக இருந்தது. சினை மாட்டுக்குச் சில புள்ளிகளில் குத்தவே கூடாது, முதலில் காலைப் பார்க்கச் சொல்லுங்கள் என்றேன். கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962க்குப் போன் போட்டார். வண்டியில் வந்த மருத்துவர் குளம்பைச் சீவ, உள்ளே சீழ். சுத்தம் செய்து மருந்து வைத்துக் கட்டினார். மாடு இப்போது மேய்ச்சலுக்குப் போகிறது.