புத்தகத்துத் தவளை

யாழ்ப்பாணத்தில் நாங்கள் படம் வரைவதில்லை, கீறுவோம். தவளையின் வயிற்றையும் பிளேட்டால் கீறுவோம். இரண்டுக்கும் ஒரே சொல் என்பதை எழுபதுகளில் நம் கல்லூரி விலங்கியல் ஆய்வுகூடத்தில் நின்றபோது நான் கவனித்ததில்லை.

அப்போது உயர்தர வகுப்பு. மெழுகுத் தட்டில் குண்டூசி குத்தி மல்லாத்தி வைத்த என் தவளையின் வயிறு முழுக்கக் கறுத்த முட்டை. கடுகுபோல அப்பிக் கிடந்ததில் ஈரலைக்கூடக் காணவில்லை. எனக்கோ அருவருப்பு, நேரமும் போய்க்கொண்டிருந்தது. பாடநூலில் இருந்த துப்புரவான படத்தைப் பார்த்துக் கொப்பியில் அப்படியே கீறி, பாகங்களும் குறித்து நீட்டினேன். மாஸ்டர் கொப்பியைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார்.

“தம்பி, இது புத்தகத்துத் தவளை. உம்மட தவளை எங்கை?”

வகுப்பே சிரித்தது.

2012இல் லண்டனில், பக்கிங்ஹாம் அரண்மனையை ஒட்டிய குயின்ஸ் கலரியில் லியனார்டோ டா வின்சியின் உடற்கூற்றுப் படங்களைப் பார்வைக்கு வைத்திருந்தார்கள். மருத்துவம் படித்துக்கொண்டிருந்த மகள் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். பெரிய பெரிய ஓவியங்கள் இருக்கும் என்று போன எனக்கு முதலில் ஏமாற்றம்தான். எல்லாம் கொப்பித் தாள் அளவு. கிட்டப் போய்க் குனிந்தால்தான் விஷயம். ஒரே தோளை, ஆளைச் சுற்றி நடந்து வந்து பார்த்ததுபோல, பக்கம் பக்கமாகக் கீறியிருக்கிறார். இடைவெளி எல்லாம் வலமிருந்து இடமாகப் பொடி எழுத்து, மனிதர் இடக்கையர்.

1507–08 குளிர்காலத்தில் புளோரன்ஸ் நகரத்து சாந்தா மரியா நுவோவா மருத்துவமனையில் ஒரு கிழவர் லியனார்டோவோடு பேசியிருக்கிறார். நூறு வயது தாண்டிவிட்டது, பலவீனம் தவிர உடம்புக்கு ஒரு குறையும் இல்லை என்றாராம். சில மணி நேரத்தில், கட்டிலில் இருந்தபடியே, அசைவில்லாமல் உயிர் போய்விட்டது. இவ்வளவு இதமான சாவு எப்படி வந்தது என்று பார்க்க லியனார்டோ அவரை அறுத்தார். இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் வற்றிச் சுருங்கியிருந்ததை எழுதி வைத்தார். சற்று முன் பேசிக்கொண்டிருந்த மனிதர்! நான் தவளைக்கே முகம் சுளித்தவன்.

அந்தக் காலத்துப் பல்கலைக்கழகங்களில் பேராசிரியர் மேலே உட்கார்ந்து பழங்காலக் கிரேக்க மருத்துவர் கேலனின் நூலை வாசிப்பார். கீழே வேறொருவர் அறுப்பார். கேலன் அறுத்தது விலங்குகளை. மனிதனின் கீழ்த்தாடையில் இரண்டு எலும்பு என்று அவர் எழுதி வைத்ததை, இல்லை, ஒன்றுதான் என்று 1543இல் வெசாலியஸ் என்ற உடற்கூற்று ஆசிரியர் படங்களோடு அச்சிட்டார். அப்போது அவருக்கு 28 வயது. ஓவியர்கள் அதற்கு முன்பே கத்தியை எடுத்துவிட்டார்கள். மைக்கலாஞ்சலோ இருபது வயதுக்கு முன்பே புளோரன்ஸின் சாந்தோ ஸ்பிரிதோ மடத்தில் பிணம் அறுத்துப் பழகியவர். தோலுக்குள் எந்தத் தசை இழுக்கிறது என்று தெரியாமல், மடக்கிய கையைக் கல்லில் கொண்டுவருவது எப்படி?

அப்புறம் லியனார்டோவின் அந்தக் கருப்பைப் படம். 1511 அளவில் கீறியது. முழங்காலை மடக்கிக் குழந்தை குந்தியிருக்கிறது; தொட்டால் கண் விழித்துவிடும் போல. ஆனால் கருப்பைச் சுவரில் பொத்தான் பொத்தானாக ஏதோ ஒட்டியிருந்தது. எங்கேயோ பார்த்த சாமான். வீட்டில் மாடு கன்று போட்டால் இளங்கொடியைச் சாக்கில் சுற்றி ஆலமரத்தில் கட்டுவது சின்ன வயதில் என் வேலை. அதில் இப்படித்தான் பொத்தான்கள் இருக்கும்.

“இது மாட்டின்ர எல்லோ?” என்றேன்.

மகள் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, ஓமென்று தலையாட்டினாள். மனிதரில் அது ஒரே வட்டத் தட்டாக இருக்குமாம். பசுவில் பார்த்ததை லியனார்டோ மனிதப் பிள்ளையோடு சேர்த்துக் கீறிவிட்டார்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கு மாஸ்டரின் குரல் வாய் வரைக்கும் வந்தது: “தம்பி, இது மாட்டின்ர கொடி. உம்மட பிள்ளையின்ர கொடி எங்கை?”