எங்கள் வீட்டின் முதல் வாக்காளர்

2025 செப்டம்பர், நவராத்திரிக்கு முந்தைய சனிக்கிழமை. கொலுப்படி அடுக்கி, வெள்ளைத் துணி விரித்து, செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்த பொம்மைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். நான்காம் வகுப்புப் படிக்கும் மகன் செட்டியார் பொம்மையைக் கையில் ஏந்தியபடி கேட்டான்: "அம்மா, சிலை செய்வது தப்பா?"

வாரக்கடைசியில் தமிழ்ப் பள்ளிக்கு வரும் நண்பன் சொல்லியிருக்கிறான். அவன் படிக்கும் அரசுப் பள்ளியில் வகுப்பறைச் சுவரில் புதிதாக ஒரு பெரிய தாள் மாட்டியிருக்கிறார்களாம். வேறு தெய்வங்கள் உனக்கு இருக்கக் கூடாது, உருவங்களைச் செய்யக் கூடாது என்று அதில் முதலிலேயே எழுதியிருக்கிறதாம். "நாம் ஐந்து படி நிறைய வைத்திருக்கிறோமே" என்றான். பயந்துபோய்க் கேட்கவில்லை. கணக்குப் பாடத்தில் விடை இடித்தால் எப்படிக் கேட்பானோ, அப்படித்தான் கேட்டான்.

அந்தத் தாளின் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. நாங்கள் வாழும் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலச் சட்டமன்றம் 2025-ல் நிறைவேற்றிய செனட் மசோதா 10. அரசுப் பள்ளிகளின் ஒவ்வொரு வகுப்பறையிலும், குறைந்தது 16 அங்குல அகலமும் 20 அங்குல உயரமும் கொண்ட தாளில் பைபிளின் பத்துக் கட்டளைகளை, எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் மாட்ட வேண்டும். வாசகத்தையும் சட்டமே எழுதித் தந்துவிட்டது. யாராவது நன்கொடையாகக் கொண்டுவந்து கொடுத்தால் பள்ளி மறுக்க முடியாது. எங்கள் பள்ளி மாவட்டத்தில் (இங்கே பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்பு அது) அப்போது அது மாட்டப்படவில்லை. கிறிஸ்தவ, யூத, இந்துக் குடும்பங்களும் மத நம்பிக்கையற்ற குடும்பங்களும் சேர்ந்து தொடுத்த வழக்கில், சான் அன்டோனியோ கூட்டாட்சி நீதிபதி ஃப்ரெட் பியரி ஆகஸ்ட் மாதம் பதினொரு பள்ளி மாவட்டங்களுக்குத் தடை விதித்தார். எங்களுடையது அதில் ஒன்று. நண்பனின் வீடு காரில் பத்து நிமிடம். அவனுடைய மாவட்டம் அந்தப் பட்டியலில் இல்லை. ஒரே ஊர் போலத் தெரியும் இடத்தில், ஒரு சாலையைத் தாண்டினால் வேறு சுவர்.

நாங்கள் 2006-ல் நியூஜெர்சிக்கு வந்தோம். 2017-ல் கணவரின் வேலை மாறியதால் டல்லாஸின் வடக்குப் புறநகருக்குக் குடிபெயர்ந்தோம். நிரந்தரமாகத் தங்கும் உரிமை தரும் பச்சை அட்டைக்கு விண்ணப்பித்து ஆண்டுக்கணக்காகிறது. இந்தியர்களுக்கான வரிசை நகர்வதே தெரியாது. வருமான வரி, சொத்து வரி, பள்ளிக்கான வரி எல்லாம் கட்டுகிறோம். எனக்கும் கணவருக்கும் வாக்கு இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, குடிமகன் ஆகும் வரை அப்படித்தான். ஆனால் வாக்கில்லாதவளுக்கு ஒரு பழக்கம் வந்துவிடுகிறது: சட்டம் எங்கே, யாரால், யாருக்காகச் செய்யப்படுகிறது என்பதைக் கூர்ந்து பார்ப்பது.

பக்கத்து வீட்டு அம்மையாரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. எழுபதைத் தாண்டியவர், ஞாயிறு தவறாமல் பாப்டிஸ்ட் தேவாலயத்துக்குப் போகிறவர். 2021 பிப்ரவரியில் உறைபனி வந்து மாநிலத்தின் மின்கட்டமைப்பே தடுமாறியது. லட்சக்கணக்கான வீடுகள் இருண்டன. அரசுக் கணக்கின்படியே 246 பேர் இறந்தார்கள். எங்கள் வீட்டில் மின்சாரம் இல்லை, குழாயில் தண்ணீர் உறைந்துவிட்டது. அவர் வீட்டில் கணப்பு இருந்தது, எரிவாயு அடுப்பு இருந்தது. எங்கள் நால்வரையும் அழைத்து இரண்டு இரவுகள் தங்கவைத்தார். அவருடைய சமையலறைச் சுவரில் பத்துக் கட்டளைகள் மாட்டியிருக்கும். அதற்குக் கீழே உட்கார்ந்துதான் என் மகனுக்கு ரசம் சாதம் ஊட்டினேன். எனக்கு எதுவும் உறுத்தவில்லை. அது அவருடைய சுவர். அந்த வாசகம் அவரை எப்படிப்பட்ட மனுஷியாக ஆக்கியிருக்கிறது என்பதை அந்த இரண்டு இரவுகளில் கண்ணால் பார்த்தேன்.

அதனால்தான் இந்த மசோதா, சட்டமன்றத்தின் இரண்டு அவைகளில் ஒன்றான பிரதிநிதிகள் அவையின் குழுவுக்கு வந்தபோது நான் தலைநகர் ஆஸ்டினுக்குப் போனேன். ஐ-35 நெடுஞ்சாலையில் மூன்றரை மணி நேரம். செம்மை படர்ந்த கிரானைட் கல்லால் கட்டிய பிரம்மாண்டமான சட்டமன்றக் கட்டடம். குழுக்கள் கூடுவது அதன் பின்புறம் நிலத்தடியில் உள்ள அறைகளில். கூடத்தில் வைத்திருக்கும் திரையில் பெயர், முகவரி பதிந்து, மசோதாவுக்கு ஆதரவா, எதிர்ப்பா, கருத்து மட்டுமா என்று குறிக்க வேண்டும். குடியுரிமை உண்டா என்று யாரும் கேட்கவில்லை. அது என் மனத்தில் நின்றுவிட்டது. வாக்கு இல்லாதவளையும் உட்காரவைத்துக் கேட்கும் ஏற்பாடு இந்த நாட்டில் இருக்கிறது. அதை எழுப்பியவர்களுக்கு நான் தலைவணங்குகிறேன்.

ஆனால் என் முறை வந்தபோது இரவு மணி பத்தைத் தாண்டியிருந்தது. குழு உறுப்பினர்களின் நாற்காலிகளில் பாதி காலி. எனக்கு முன் பேசியவர் ஒரு முதிய பாப்டிஸ்ட் போதகர். பதினெட்டாம் நூற்றாண்டு வர்ஜீனியாவில், அரசின் உரிமம் இல்லாமல் பிரசங்கம் செய்ததற்காகத் தன் முன்னோர் சிறையிலிடப்பட்டதைச் சொன்னார். அரசாங்கத்தின் கையில் வேதத்தைக் கொடுத்தால் அது முதலில் வேதத்துக்குத்தான் கேடு என்றார். எனக்குத் தந்தது இரண்டு நிமிடம். பக்கத்து வீட்டுச் சமையலறைச் சுவரைப் பற்றிச் சொன்னேன். பள்ளிச் சுவர் என் மகனுக்கும் உரியது என்றேன். மணி அடித்தது. நன்றி என்றார்கள். எவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

இப்படி ஒரு சட்டம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1980-லேயே கென்டக்கி வழக்கில் சொல்லியிருக்கிறது. மசோதாவைக் கொண்டுவந்தவர்களுக்கு அது நன்றாகவே தெரியும். இன்றைய நீதிபதிகள் வேறுவிதமாகத் தீர்ப்பளிக்கலாம் என்ற எதிர்பார்ப்பும், அதுவரை வழக்கே ஒரு கொடியாகப் பறக்கும் என்ற கணக்கும் இருக்கின்றன. லூசியானா 2024-ல் இதே வழியில் போயிற்று.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு விவரம் சொல்ல வேண்டும். இங்கே ஆளுநர் மக்கள் தேர்ந்தெடுப்பவர், நம் முதலமைச்சரைப் போல. சட்டமன்றம் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, 140 நாட்கள்தான் கூடும். மூன்று கோடிப் பேர் வாழும் மாநிலம் இது. உறுப்பினருக்கு ஆண்டுச் சம்பளம் 7,200 டாலர். 2025-ல் கிட்டத்தட்ட 9,000 மசோதாக்கள் வந்தன. ஆகவே அவை நேரம் என்பது தங்கம். ஒரு மசோதாவுக்கு இடம் கொடுத்தால் இன்னொன்று வாசலில் நின்று செத்துப்போகும். பத்துக் கட்டளை மசோதாவின் முந்தைய வடிவமே 2023-ல் நள்ளிரவுக் கெடுவைத் தாண்டியதால் செத்துப்போனதுதான்.

2025-ல் எது செத்தது? பேரிடர் எச்சரிக்கைக்கு மாநிலம் தழுவிய திட்டமும், ஊர்களில் அபாயச் சங்கு வைக்க நிதியும் தரும் மசோதா 13 பிரதிநிதிகள் அவையில் தேறி, செனட்டில் முடங்கியது. ஜூலை 4 அதிகாலையில் குவாடலூப்பே ஆறு பெருகி வந்தது. மாநிலத்தில் 130-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், கோடை முகாமுக்குப் போன சிறுமிகள் உட்பட. நேர்மையாகச் சொல்ல வேண்டும்: அந்த மசோதா நிறைவேறியிருந்தாலும் ஜூலைக்குள் ஒரு சங்குகூட நிறுவப்பட்டிருக்காது. இருந்தும், அதே கூட்டத்தொடரில் எந்தச் சுவரில் என்ன மாட்டுவது, பள்ளி நூலகத்திலிருந்து எந்தப் புத்தகத்தை நீக்குவது என்பவற்றுக்கு நேரம் இருந்தது என்பதை என்னால் மறக்க முடியவில்லை.

இன்னொன்று எனக்கு இன்னும் அருகில் உறைத்தது. கோடை விடுமுறையில் பள்ளி உணவு கிடைக்காத ஏழைக் குழந்தைகளுக்கு, தலைக்கு 120 டாலர் தரும் மத்தியத் திட்டம் ஒன்று உண்டு. அதில் சேர மாநிலத்தின் பங்காக 6 கோடி டாலரைச் சட்டமன்றம் ஒதுக்கியது. மத்திய நிதி நிச்சயமில்லை என்று காரணம் சொல்லி ஆளுநர் கிரெக் அபட் அந்த ஒதுக்கீட்டை அடித்துவிட்டார். என் அப்பா காமராஜர் காலத்து மதிய உணவுக்காகவே பள்ளிக்குப் போனவர். வகுப்பறையின் சுவரைப் பற்றி இத்தனை கவலைப்படும் அரசு அங்கே உட்காரும் பிள்ளையின் வயிற்றைப் பார்க்க மறுக்கும்போது, என் அப்பாவின் அலுமினியத் தட்டுதான் கண்முன் வந்தது.

ஏன் இப்படி நடக்கிறது என்று பக்கத்து வீட்டு அம்மையாரிடமே கேட்டிருக்கிறேன். "எங்கள் பிள்ளைகள் பண்பு இழக்கிறார்கள்" என்பார். அது உண்மையான கவலை. நானும் தாய்தான். ஆனால் அவருடைய கவலை சட்டமாகும் வழியில் ஒரு சிறிய கதவு இருக்கிறது. பெரும்பாலான தொகுதிகளில் நவம்பர் தேர்தலின் முடிவு முன்பே தெரிந்த ஒன்று. உண்மையான போட்டி மார்ச்சில், கட்சி வேட்பாளரை மக்களே தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலில். 2022-ல் பதிவு செய்த வாக்காளர்கள் 1 கோடியே 71 லட்சத்துக்கும் மேல். ஆளுநர் பதவிக்காக, மாநிலத்தை ஆளும் குடியரசுக் கட்சி நடத்திய முதற்கட்டத்தில் வாக்களித்தவர்கள் சுமார் 19.5 லட்சம். அந்த 19.5 லட்சம் பேரில் யாருக்குக் கோபம் அதிகமோ, அவர்களுடைய முகத்தைத்தான் உறுப்பினர் பார்ப்பார். 2023 நவம்பரில் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசுப் பணம் தரும் திட்டத்தைத் தோற்கடிக்க, குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் 21 பேர் எதிர்க்கட்சியோடு சேர்ந்து வாக்களித்தார்கள். பலர் கிராமப்புறத்துக்காரர்கள், தங்கள் ஊரில் அரசுப் பள்ளிதான் எல்லாம் என்று தெரிந்தவர்கள். அடுத்த ஆண்டு முதற்கட்டத்தில் ஆளுநரே அவர்களில் பலருக்கு எதிராக ஊர் ஊராகப் போனார். பலர் தோற்றார்கள். 2025-ல் அத்திட்டம் சட்டமாயிற்று. தொகுதியின் பேச்சைக் கேட்ட உறுப்பினருக்குக் கிடைத்த கூலி அது.

மாநில சுயாட்சித் தீர்மானம் 1974-ல் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியதைப் பாடமாகக் கேட்டு வளர்ந்தவள் நான். 'மத்தியில் கூட்டாட்சி, மாநிலத்தில் சுயாட்சி' என்ற முழக்கம் இன்றும் எனக்குச் சிலிர்ப்புத்தான். வாஷிங்டனிடம் தன் உரிமைக்காகக் குரல் எழுப்பும் டெக்சஸைப் பார்த்து முதலில் மகிழ்ந்தேன். பிறகு 2023-ன் மசோதா 2127-ஐப் படித்தேன். தொழில், விவசாயம், சொத்து, நிதி முதலிய துறைகளில் மாநிலச் சட்டத்தைத் தாண்டி நகரங்கள் விதி செய்வதை அது தடுக்கிறது. கட்டடத் தொழிலாளிக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிட ஓய்வு என்று ஆஸ்டினும் டல்லாஸும் வைத்திருந்த விதியே கேள்விக்குள்ளானது, அதுவும் கொளுத்தும் கோடையில். மேலே இருப்பவனிடம் சுயாட்சி கேட்கும் அதே வாய், கீழே இருப்பவனுக்கு அதை மறுக்கிறது. பள்ளி வாரியக் கூட்டத்தில் நானும் அந்த அம்மையாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து தீர்த்துக்கொள்ளக்கூடியதை ஆஸ்டினுக்குத் தூக்கிக்கொண்டு போய், எங்களை இரு படைகளாக்கித் திருப்பி அனுப்புகிறார்கள். என் மனம் மிகவும் நோவது இதற்காகத்தான்.

2025 கோடையின் மிச்சத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். வெள்ள நிவாரணத்துக்கென்றும் கூட்டிய சிறப்புக் கூட்டத்தொடரில், நாடாளுமன்றத் தொகுதிகளை மறுவரையறை செய்து குடியரசுக் கட்சி ஐந்து இடங்களைக் கூடுதலாகப் பிடிக்கும் திட்டமும் சேர்ந்தது. எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியினர் அவை நடத்தத் தேவையான எண்ணிக்கை சேராதபடி மாநிலத்தைவிட்டு வெளியேறினார்கள். வெள்ளச் சட்டங்கள் அடுத்த சிறப்புக் கூட்டத்தொடருக்குத் தள்ளிப்போயின. கலிஃபோர்னியா நவம்பரில் பதிலுக்குத் தன் வரைபடத்தை மாற்றிக்கொண்டது. இரு பக்கத்துச் செயலையும் நான் ஏற்கவில்லை.

மகனுக்கு அன்று என்ன பதில் சொன்னேன் என்றால், அது ஒரு வழியில் நடப்பவர்களின் விதி, நம் வழியில் மண்ணில்கூடத் தெய்வத்தைப் பார்ப்போம் என்று. "அப்படியென்றால் எங்கள் வழியையும் பக்கத்தில் எழுதலாமே" என்றான். அந்த வாரம் பக்கத்து வீட்டு அம்மையார் கொலு பார்க்க வந்தார். சுண்டல் வாங்கிக்கொண்டு, தசாவதாரப் பொம்மைகளை ஒவ்வொன்றாகக் காட்டி விளக்கம் கேட்டார். மகன் தன் சந்தேகத்தை அவரிடமும் கேட்டுவிட்டான். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "உன்னை நினைத்து அதை மாட்டச் சொல்லவில்லை, கண்ணே" என்றார்.

நியூஜெர்சியில் பிறந்த மகளுக்குச் சென்ற ஆண்டு பதினெட்டு நிறைந்தது. எங்கள் வீட்டில் வாக்குள்ளவள் அவள் ஒருத்திதான். 2026 பிப்ரவரியில், முதற்கட்டத் தேர்தலின் முன்கூட்டிய வாக்குப்பதிவுக்காக, ஒரு வேலைநாள் மதியம் அவளையும் பக்கத்து வீட்டு அம்மையாரையும் காரில் நூலகத்துக்கு அழைத்துப் போனேன். இருவரும் ஒன்றாக உள்ளே போனார்கள். எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டு வேண்டும் என்று அங்கே வாய்விட்டுச் சொல்ல வேண்டும்; அது அவர்கள் விஷயம். நான் குழந்தைகள் புத்தகப் பகுதியில் காத்திருந்தேன்.

கால் மணி நேரத்தில் வந்துவிட்டார்கள். வரிசையில் பத்துப் பேர்கூட இல்லையாம், அவர்களிலும் இளையவள் இவள் ஒருத்திதானாம். வீட்டுக்குத் திரும்பும் வழியில் மகள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டாள்: "நம் தெருவில் எத்தனை வீடு அம்மா?"

"நாற்பத்திரண்டு" என்றார் பின்னிருக்கையிலிருந்து அந்த அம்மையார்.