காரணம் என்றொரு கட்டம்

சிறைகளையும் மனநோயாளர் காப்பகங்களையும் பற்றி ஆய்வு செய்கிறேன் என்றதும் "பயமாக இருக்காதா?" என்று கேட்காதவர்கள் குறைவு. பயமெல்லாம் ஒன்றுமில்லை. பழைய கையெழுத்தைப் படித்துப் படித்துக் கண்தான் எரியும். மருத்துவர்கள் அன்றும் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் ஒவ்வொரு கவுன்ட்டியும் (நம் மாவட்டம் மாதிரி) ஏழை மனநோயாளர்களுக்குக் காப்பகம் அமைத்தே தீர வேண்டும் என்று 1845இல் சட்டம் வந்தது. கட்டடங்கள் எழுந்தன, கூடவே படிவங்களும் பெருகின. பெயர், வயது, தொழில், வலிப்பு உண்டா, மற்றவர்களுக்கு ஆபத்தானவரா... நடுவில் ‘காரணமாகக் கருதப்படுவது’ என்று ஒரு கட்டம். ஆய்வு தொடங்கிய புதிதில் அதைப் பார்த்ததும் புதையல் கிடைத்த மாதிரி இருந்தது. துக்கம், குடி, பிரசவம், வேலை போனது, மிதமிஞ்சிய பக்தி. மாதக்கணக்கில் எண்ணி, சதவீதம் போட்டு, அட்டவணையோடு கட்டுரையை அனுப்பினேன்.

மதிப்பாய்வாளர் ஓரத்தில் ஒரே கேள்விதான் எழுதியிருந்தார்: இந்தக் கட்டத்தை நிரப்பியது யார்?

இரண்டு நாள் கோபம். அப்புறம் மறுபடியும் பதிவேட்டுக்குப் போனேன். பல இடங்களில் அந்தக் காரணம் மருத்துவர் கண்டுபிடித்ததே அல்ல. கணவனோ தாயோ, அழைத்து வந்த அதிகாரியோ சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நான் எண்ணியது நோயின் காரணங்களை அல்ல. ஒரு மனிதர் எதனால் உடைந்துபோவார் என்று வீட்டாரும் அக்கம்பக்கத்தாரும் நம்பினார்களோ அதை. எண்கள் அப்படியேதான் இருந்தன, அட்டவணையின் தலைப்பை மட்டும் மாற்றினேன். மருத்துவ வரலாறாகக் கிளம்பிய கட்டுரை சமூக வரலாறாக வந்து சேர்ந்தது.

அதற்குப் பிறகு எந்தத் தாளைத் தொட்டாலும் அந்தக் கேள்விதான் முதலில் வரும். மருத்துவச் சான்றிதழில் இரண்டு பகுதிகள் உண்டு: மருத்துவர் நேரில் கண்டது, பிறர் அவரிடம் சொன்னது. நோயாளியின் சொந்தப் பேச்சு பெரும்பாலும் முதல் பகுதியில்தான் கிடைக்கும், அதுவும் பைத்தியத்துக்குச் சாட்சியாக. ‘கணவர் என்னை அடைத்துவைக்கப் பார்க்கிறார்’ என்று ஒரு பெண் சொன்னால் அதுவே அறிகுறி ஆகிவிடலாம். அமெரிக்காவில் எலிசபெத் பேக்கர்டை 1860இல் அவர் கணவரே காப்பகத்தில் சேர்த்தார். மனைவி விஷயத்தில் கணவன் சொல்லே போதும் என்கிற அளவில் இருந்தது அன்றைய இல்லினாய்ஸ் சட்டம். 1864இல் ஜூரி ஏழே நிமிடத்தில் அவருக்குச் சித்தம் தெளிவாக இருப்பதாகத் தீர்ப்பளித்தது.

இதைப் படித்துவிட்டு உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் வஞ்சிக்கப்பட்டவர்கள் என்று எழுதக் கை துறுதுறுக்கும். நானும் கொஞ்ச நாள் அப்படி எழுதினேன். ஆனால் வேறு வழியே இல்லாமல் கொண்டுவந்து விட்ட குடும்பங்களும் அதே பக்கங்களில் இருக்கின்றன. ஓராண்டுக்குள் வீடு திரும்பியவர்களும் கணிசம்.

சிறைப் பதிவேடு இன்னும் கறார். உயரம் அரை அங்குலம் பிசகாது. தழும்பு, பச்சை குத்தியது, எழுதப் படிக்கத் தெரியுமா என எல்லாம் உண்டு. 1842இல் திறந்த லண்டனின் பென்டன்வில் சிறையில் கைதிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக்கூடாதென்று முகமூடித் தொப்பி போட்டு நடக்க வைத்தார்கள். பின்னாளில் வந்த சிறைப் புகைப்படங்கள் பலவற்றில் இரண்டு கைகளும் நெஞ்சின் மேல் விரிந்திருக்கும். விரல் ஏதும் குறைந்திருந்தால் அடையாளம் ஆகுமே!

காப்பகக் குறிப்பேடுகளில் அனுப்பப்படாத கடிதங்கள் செருகியிருப்பதுண்டு. கட்டங்கள் இல்லாத தாள் அது ஒன்றுதான். நான் முதலில் பிரித்த கடிதம் ஒரு பெண் தங்கைக்கு எழுதியது. கம்பளி உடை கேட்டிருந்தார், பிள்ளைகளை விசாரித்திருந்தார், போன கடிதத்துக்குப் பதில் ஏன் வரவில்லை என்று கேட்டு முடித்திருந்தார். அந்தப் போன கடிதம் நான்கு பக்கம் முன்னால், அதே குறிப்பேட்டில் இருந்தது.