பேர் எத்திலீனுக்கு, வேலை ஏசிசிக்கு

மாம்பழம் பழுப்பதைப் பற்றிப் பேச்சு வந்தால் பழுக்க வைக்கும் வாயுவான எத்திலீன் வரும், கார்பைடு கல் வரும். அந்த எத்திலீனை மரம் எதிலிருந்து செய்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. 1-அமினோசைக்ளோபுரொப்பேன்-1-கார்பாக்சிலிக் அமிலம் என்று ஒன்று இருக்கிறது, அதிலிருந்துதான். சுருக்கமாக ஏசிசி.

அமினோ அமிலம்தான், ஆனால் புரதத்தில் சேராது. மூன்று கார்பன் கொண்ட முக்கோண வளையம், அதன் ஒரே முனையில் அமினோ தொகுதியும் அமிலத் தொகுதியும். 109 டிகிரி விரிந்திருக்க வேண்டிய பிணைப்புகள் 60 டிகிரிக்குள் மடங்கிக் கிடப்பதால் வளையத்தில் எப்போதும் ஒரு இறுக்கம். இரும்பு உள்ள ஒரு நொதி, ஆக்சிஜன் துணையோடு அதை உடைக்கும்போது எத்திலீன் வெளியே வருகிறது, கூடவே கார்பன் டை ஆக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும். ஆமாம், சயனைடேதான்! செடி அதை உடனே சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தோடு சேர்த்து வேறு பொருளாக்கிவிடும், அதனால் பழத்தைத் தயங்காமல் சாப்பிடலாம்.

1957-லேயே பேரி, ஆப்பிள் சாற்றில் இதைக் கண்டுவிட்டார்கள். என்ன வேலை செய்கிறது என்று தெரிய 1979 ஆனது. கலிபோர்னியாவில் ஆடம்ஸ், ஷாங் ஃபா யாங் என்ற இரு ஆய்வாளர்கள், எத்திலீனுக்கு மூலப்பொருளான மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தைக் கதிரியக்க அடையாளமிட்டு ஆப்பிள் திசுவுக்குக் கொடுத்தார்கள். காற்றில் வைத்தால் எத்திலீன் வந்தது, ஆக்சிஜன் இல்லாமல் நைட்ரஜனில் வைத்தால் எத்திலீன் நின்று ஏசிசி சேர்ந்தது, திரும்பக் காற்றுக்குக் கொண்டுவந்ததும் சேர்ந்ததெல்லாம் எத்திலீனாகிவிட்டது. எவ்வளவு எளிமையான சோதனை!

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது தக்காளி விஷயம். மாடித் தோட்டத்தில் மழைத் தண்ணீர் வடியாத தொட்டியைப் பாருங்கள், இலைக்காம்புகள் கீழ்நோக்கி வளைந்து தொங்கும், ஆனால் இலையைத் தொட்டால் விறைப்பாகவே இருக்கும். மூழ்கிய வேரில் ஏசிசி உருவாகிறது, அங்கே ஆக்சிஜன் இல்லாததால் எத்திலீனாக மாற முடியாமல் சாறோடு மேலே ஏறுகிறது, இலைக்குப் போனதும் காற்று கிடைத்து எத்திலீன் ஆகிறது, காம்பின் மேல்பக்கம் மட்டும் வேகமாக வளர்ந்து வளைகிறது. இது தெரியாமல் வாடுகிறதே என்று இன்னும் ஒரு குவளை ஊற்றுபவர்கள்தான் அதிகம்.

அப்புறம், வேரை ஒட்டி வாழும் சில பாக்டீரியாக்கள் இந்த ஏசிசியை அம்மோனியாவாகவும் ஆல்ஃபா-கீட்டோபியூட்டிரேட்டாகவும் உடைத்துத் தின்றுவிடும், செடிக்கும் எத்திலீன் தொல்லை குறையும். சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவில் சில ரகங்களுக்கு ஏசிசியை இப்படி உடைக்கும் நொதி உண்டு, எல்லாவற்றுக்கும் கிடையாது, ஆகவே பாக்கெட்டில் சூடோமோனாஸ் என்று போட்டிருப்பதை மட்டும் பார்த்து தண்ணீர் தேங்கிய தொட்டிக்கு வாங்கிக் கொட்டாதீர்கள். முதலில் தொட்டியின் ஓட்டையை அடைப்பெடுங்கள்.